சிவப்பு மாத்திரை அட்டையும் எம்.சி.ஆர். செருப்பும்: நீலகிரியில் தொழுநோய் சேவை எப்படி?

தொழுநோய்க்கு அரசு இலவசமாகத் தருபவை நான்கு: உடல் பரிசோதனை, மாத்திரை அட்டை, கூட இருப்பவர்களுக்கு ஒரு வேளை தடுப்பு மருந்து, உணர்ச்சி போன காலுக்கு எம்.சி.ஆர். எனும் நுண்ணறை ரப்பர் செருப்பு. நாடு முழுக்க ஒரே மாதிரி வருகிற இந்த நான்கும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துக் குளிரிலும் சரிவிலும் தேயிலைக்குள்ளும் எப்படி உழைக்கின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாத்திரைக்கு நூற்றுக்கு நூறு. செருப்பு நல்ல செருப்பு, ஆனால் மலைக்கு அப்படியே போதாது. பரிசோதனையை ஸ்வெட்டரோடு செய்தால் அது செய்யாததற்குச் சமம்.

இந்த நோயின் முதல் அடையாளம் வலிக்காது, அரிக்காது. தோலில் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல், அதன் மேல் தொட்டால் தெரியாது, அவ்வளவுதான். வலிக்காத ஒன்றுக்காக யாரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறமாட்டார்கள். அதனால்தான் வீடு தேடி வந்து பார்க்கும் முறையே வந்தது. ‘ஸ்பர்ஷ்’ விழிப்புணர்வு இயக்கம் 2017-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் காந்தி நினைவு நாளான ஜனவரி 30-ல் தொடங்குகிறது. மலையில் அது உறைபனிக் காலம். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், மேலே ஜெர்கின், தலையில் மஃப்ளர். முகத்தையும் மணிக்கட்டையும் மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனால், முதுகிலும் புட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் இருக்கும் தேமல் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். பின்பக்கத் தேமல் இருப்பவருக்கே தெரியாது. குளிக்கும்போது வீட்டில் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

மலையில் இதைச் சரியாகச் செய்ய நேரம், வெளிச்சம், மறைவு மூன்றும் வேண்டும். காலை எட்டு மணிக்கு வேண்டாம். வெயில் ஏறியபின், பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், ஜன்னல் ஓரமாக நிற்க வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டின் கீழே லேசான தேமல் கண்ணுக்குப் படாது. பெண்களைப் பெண் ஊழியர், கதவு சாத்திய அறையில் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். வீட்டு எண்ணிக்கையை இலக்காக வைத்து ஊழியரை விரட்டினால் இந்தப் பத்து நிமிடம்தான் முதலில் பறிபோகும்.

உணர்ச்சியைச் சோதிக்க ஒரு பால்பாயின்ட் பேனா போதும். நல்ல தோலில் பேனா நுனியால் மெதுவாக ஒரு முறை தொட்டு, ‘இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள்’ என்று கண் திறந்திருக்கும்போதே பழக்கிவிட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோல், தேமல், நல்ல தோல் என்று மாற்றி மாற்றி, ஒழுங்கில்லாத இடைவெளியில் தொட வேண்டும். ‘தெரியுதா, தெரியுதா’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. கேள்வியே தொட்டதைக் காட்டிக் கொடுத்துவிடும், அவர்களும் மரியாதைக்கு ‘தெரியுதுங்க’ என்பார்கள். பேனாவை இழுக்கவோ அழுத்தவோ கூடாது. முகத்தில் நரம்புகள் நெருக்கம் என்பதால் அங்கே உணர்ச்சி இருப்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இன்னொன்று, குளிரில் விறைத்த கையில் யாருக்குமே உணர்ச்சி மங்கும். கேரட் கழுவிவிட்டு நேராக வந்தவரின் விரலில் சோதித்தால் விடை தப்பாக வரும். கை சூடாகும்வரை கால் மணி நேரம் உட்கார வையுங்கள்.

அடுத்து நரம்பு. முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான். விரல் நுனியால் அல்ல, விரல் சதையால் மெதுவாக உருட்டிப் பார்த்து இடது வலது இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தடித்திருந்தாலோ, தொடும்போது முகம் சுளித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது நரம்பைத் தொடும் கையை அல்ல, அவர் முகத்தை. முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே, கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால், காதுக்குக் கீழே கழுத்தோரம் ஆகியவை மற்ற இடங்கள். கடைசியாக, கண்ணை இறுக மூட முடிகிறதா, சுண்டுவிரலை விலக்க முடிகிறதா, பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்று பலம் பார்த்தால் பரிசோதனை முடிந்தது.

எல்லாத் தேமலும் தொழுநோய் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூஞ்சையால் வரும் தேமல் சொரசொரப்பாகச் செதில் உதிரும், அரிக்கலாம், தொட்டால் தெரியும். வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும், அதிலும் உணர்ச்சி இருக்கும். பனிக்காற்றில் சிவந்து வெடிக்கும் குழந்தைகளின் கன்னமும் இதில் சேராது.

தேமல் ஒன்று முதல் ஐந்து வரை, பாதித்த நரம்பு அதிகபட்சம் ஒன்று என்றால் பி.பி., அதாவது கிருமி குறைவான வகை. தேமல் ஆறு அல்லது அதற்கு மேல், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட நரம்பு, அல்லது தோல் சுரண்டல் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் எம்.பி., அதாவது கிருமி அதிகமான வகை. முன்னதற்கு ஆறு மாத்திரை அட்டை, ஒன்பது மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பின்னதற்குப் பன்னிரண்டு அட்டை, பதினெட்டு மாதத்துக்குள்.

அட்டையில் இருக்கும் இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. 1983-ல் அது இந்தியத் திட்டத்துக்குள் வந்தது. பெரியவர்களுக்கான எம்.பி. அட்டை சிவப்பு நிறம், குழந்தைகளுக்கு மஞ்சள். சிவப்பு அட்டையில் முதல் நாளுக்கு மட்டும் தனி வரிசை: ரிஃபாம்பிசின் 300 மி.கி. இரண்டு, குளோஃபாசிமின் 100 மி.கி. மூன்று, டாப்சோன் 100 மி.கி. ஒன்று. இவற்றைச் சுகாதார ஊழியர் முன்னிலையிலேயே விழுங்க வேண்டும். மீதி 27 நாளும் குளோஃபாசிமின் 50 மி.கி., டாப்சோன் 100 மி.கி. வீட்டில், சாப்பாட்டுக்குப் பின். முன்பு பி.பி. வகைக்கு இரண்டு மருந்துதான். மூன்றும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது, 2025 ஏப்ரல் முதல் இந்தியாவும் அதற்கு மாறியது. அட்டையின் கணக்கு 28 நாள். ‘மாசம் ஒண்ணாந்தேதி வாங்க’ என்று சொல்லி அனுப்புவது தவறு, அப்படி வந்தால் பெரும்பாலான மாதங்களில் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாமல் போகும். அடுத்த தேதியை அட்டையின் மேலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த மருந்தை இவ்வளவு பாராட்டக் காரணம் இருக்கிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். தனித் தட்டு, தனி அறை, வேலையிலிருந்து நிறுத்துதல் எதற்கும் இடமில்லை. கர்ப்பிணிகளும் சாப்பிடலாம். கிருமி மூக்கு, வாய் வழியாக வெளிவரும் துளிகளால், நெருங்கி நெடுநாள் பழகும்போதுதான் பரவுகிறது. அப்படியும் பெரும்பாலோர் உடம்பு இதை இயல்பாகவே எதிர்த்துவிடும். நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகும். ஆகவே ‘யாரிடமிருந்து வந்தது’ என்று தோண்டுவது வீண் மனக்கசப்பு.

குறை மருந்தில் இல்லை, கொடுக்கும்போது சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரிஃபாம்பிசினின் நிறம், ஒரு நாளில் சரியாகும். குளோஃபாசிமினால் தோல் பழுப்பாகக் கறுக்கும், வெயில் படும் இடத்தில் இன்னும் தூக்கலாகத் தெரியும். மலை வெயிலில் நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. ‘ஏன் முகம் இப்படிக் கறுத்துப்போச்சு’ என்ற கேள்விக்குப் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் நிறம் படிப்படியாகத் திரும்பும் என்று முதல் நாளே சொன்னால் பாதிப் பேராவது மருந்தைத் தொடர்வார்கள்.

டாப்சோன் விஷயத்தில் நீலகிரிக்கென்று தனிக் கவனம் வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு (சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் பரம்பரை ரத்தக் கோளாறு) முதன்முதலாக 1952-ல் பதிவானது இந்த மலையின் ஆதிவாசி மக்களிடம்தான். டாப்சோன் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கூட்டக்கூடியது, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு இருந்தால் இன்னும் வேகமாக. பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் முதல் அட்டைக்கு முன்பே ஹீமோகுளோபின் பார்த்து, ரத்தசோகை இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். வழக்கமாக ஏறும் மேட்டில் திடீரென மூச்சு வாங்குவது, கண் மஞ்சளாவது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் தொடர்ந்து போவது, உடம்பெங்கும் சிவந்து தடித்துக் காய்ச்சல் வருவது எதுவானாலும் டாப்சோனை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மற்ற மருந்துகளை எப்படித் தொடர்வது என்று அவர் முடிவு செய்வார்.

சிகிச்சையின் நடுவிலோ முடிந்த பிறகோ தேமல் திடீரெனச் சிவந்து வீங்கலாம், முழங்கை நரம்பு வலிக்கலாம், விரல் வலுவிழக்கலாம். இதை ‘ரியாக்‌ஷன்’ என்பார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருளல்ல. செத்த கிருமிகளின் மீதும் உடம்பு சண்டை போடுகிறது. உடனே வந்தால் பிரெட்னிசலோன் வழக்கமாக 40 மி.கி.யில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து 12 வாரம் கொடுப்பார்கள், மாத்திரை அட்டையும் கூடவே ஓடும். நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் பிடித்தால் உணர்ச்சியும் பலமும் திரும்ப நல்ல வாய்ப்புண்டு. தாமதித்தால் கை மடங்கியது மடங்கியதுதான், பிறகு அறுவை சிகிச்சை. கடைசி அட்டையைக் கொடுத்து ‘முடிஞ்சுது, இனிமே வர வேண்டாம்’ என்று அனுப்புவது இந்தச் சேவையின் மிக மோசமான பழக்கம். ‘வலித்தாலோ, பலம் குறைந்தாலோ அடுத்த நாளே வாங்க’ என்பதுதான் கடைசி நாளில் சொல்ல வேண்டிய வார்த்தை.

மூன்றாவது, தடுப்பு மருந்து. நோயாளியோடு நெருங்கிப் பழகுபவர்களுக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின், பெரியவர்களுக்கு 600 மி.கி. ஆபத்தைக் குறைக்கும், முழுசாக ஒழிக்காது. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தரக் கூடாது. இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே தர வேண்டும், இல்லையெனில் காசநோய்க் கிருமி ரிஃபாம்பிசினுக்குப் பழகிவிடும். எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்கல் வேறு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. பக்கத்து நான்கு வீட்டுக்கு மட்டும் மாத்திரை போனால் ஐந்தாவது வீட்டில் என்ன என்று சாயங்காலத்துக்குள் எஸ்டேட்டின் அந்த டிவிஷன் முழுக்கத் தெரிந்துவிடும். லைன் முழுவதற்கும் பொதுவான தோல் பரிசோதனை முகாம் போட்டு, நோயாளியின் சம்மதத்தோடு மட்டும் மருந்து கொடுப்பதே சரி. ஜார்க்கண்ட், ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை செய்வோருக்கு இந்தியிலும் சொல்ல ஆள் வேண்டும். இடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு மீதி அட்டைகளை மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்ப விதிமுறை இருக்கிறது, கேட்டு வாங்கலாம்.

விளம்பரப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மடங்கிய விரலையும் குறைந்த பாதத்தையும் படம் போட்டு ‘தொழுநோய் குணமாகும்’ என்று எழுதினால், பார்ப்பவர் ‘நமக்கு இப்படியெல்லாம் இல்லையே’ என்று நிம்மதியாகப் போய்விடுவார். போட வேண்டிய படம், ஸ்வெட்டர் கையை மடித்துவிட்ட முன்கையில் ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு வெளிறிய தேமல். ஒட்ட வேண்டிய இடம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, ரேஷன் கடை, கேரட் கழுவும் இடம். பழைய பயத்தில் பிறந்த சட்டம்கூட மாறிவிட்டது என்பதையும் எழுத வேண்டும். 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவுகள் 2019-ல் நீக்கப்பட்டன.

இனி செருப்பு. உள்ளங்காலில் உணர்ச்சி போனவருக்குக் கல்லும் முள்ளும் தெரியாது. அதைவிட முக்கியம், ஒரே இடத்தில் அழுத்தம் தொடர்ந்து விழுவதும் தெரியாது. அங்கே தோல் தடித்து, உள்ளே கன்றி, ஆறாத புண்ணாகிறது. எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர். பஞ்சு போன்ற உள்தளம், அதன் கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர் அடித்தளம். ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஒட்டும் தையலும் மட்டும்தான். வாங்கும்போது உள்தளத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்குங்கள். பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டவுடன் எழும்ப வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் அது வெறும் ரப்பர். அமுங்கி எழவில்லை என்றால் ஆயுள் முடிந்தது. ஆண்டுக்கு இரண்டு ஜோடி தருகிறார்கள், சமதரையில் அது சரியான கணக்கு.

மலையில் மூன்று இடத்தில் இது தடுமாறுகிறது. முதலாவது இறக்கம். சரிவில் இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கி, முழு எடையும் விரல் அடிக்குப் போகிறது. புண் வருவதும் பெரும்பாலும் அங்கேதான். குதிகால் வார் இல்லாத மாடலை மலையில் வாங்கவே கூடாது. குதிகால் வாரும், பாதத்தின் மேல்மேட்டில் அகலமான வெல்க்ரோ பட்டையும் இருக்க வேண்டும், விரல் இடுக்கில் வார் கூடாது. நடையையும் மாற்ற வேண்டும்: சின்ன எட்டு, மெதுவான நடை, குறுக்குப் பாதையை விட்டுச் சுற்றுப்பாதை.

இரண்டாவது ஈரம். சாரல் மாதங்களில் உள்தளம் ஊறினால் ஒரு நாளில் காயாது. அடுப்போரம் வைத்தால் ரப்பர் இறுகும், ஒட்டு விடும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, காற்றோட்டமான இடத்தில் நிழலில் காய வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி என்று பிரித்துத் தருவது இங்கே உதவாது. மாற்றி மாற்றிப் போட இரண்டையும் ஒரே தடவையில் தர வேண்டும். மூன்றாவது கம்பூட், அதாவது உயரமான ரப்பர் பூட். தேயிலைக்குள் அட்டைப்பூச்சிக்கும் சேற்றுக்கும் பயந்து எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள், அதன் உள்தளமோ கெட்டி. ஒரு சைஸ் பெரிய பூட் வாங்கி, எம்.சி.ஆர். தகட்டைப் பாதத்தின் வடிவில் வெட்டி உள்ளே போட்டால் நன்றாக உழைக்கும். ஓரம் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மடிந்த ஓரமே புண்ணாக்கும். போடும் முன் பூட்டைக் கவிழ்த்துத் தட்டி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உணர்ச்சி குறைந்த கையை விட்டுத் துழாவுவதில் பயனில்லை.

செருப்பு மட்டும் காலைக் காப்பாற்றாது. தினமும் இருபது நிமிடம் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவ வேண்டும். குளோஃபாசிமினும் பனிக்காற்றும் சேர்ந்தால் தோல் சீக்கிரம் வெடிக்கும் என்பதால் மலையில் இதைத் தவறவிடக் கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது, சூட்டை வீட்டில் வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் உறைந்துவிடும். பாட்டிலை அடுப்பருகே காட்டப் போய் விரல் சுட்டுக்கொள்வதை விட நல்லெண்ணெயோ வாசலினோ வைத்துக்கொள்ளலாம். பிறகு கால் விரிசலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மலையில் கைகளைக் கெடுப்பதில் முதலிடம் நெருப்புக்குத்தான். கரி அடுப்பைச் சுற்றிக் குளிர்காயும்போது கையை நீட்டி உட்காருவது, வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்குவது, கொதிக்கும் டீயை எவர்சில்வர் டம்ளரில் பிடிப்பது மூன்றையும் விட வேண்டும். கம்பளியும் இரண்டு ஜோடி சாக்ஸும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், டீக்குப் பிடி வைத்த கப். கொழுந்து வெட்டும் கத்திரியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினால் கொப்புளம் குறையும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செருப்புக்கு அளவு கொடுக்கப் போகும்போது வழக்கமாகப் போடும் கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு, மாலையில் போங்கள். வெறுங்காலில் காலையில் எடுத்த அளவு இறுக்கும். காகிதத்தின் மேல் நின்றபடி இரண்டு காலையும் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். சாக்ஸின் தையல் விரலை அழுத்தினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடலாம். புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, பாதத்தில் சிவந்த இடமோ சூடான இடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, செருப்பையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போய்ச் சரிசெய்து வாங்குங்கள். இல்லையென்றால் மறுநாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சைஸ் இல்லை என்றால் எப்போது வரும் என்று தேதி கேட்டு வாங்குங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யலாம்.